பழங்கார் இன்ஜினின் தட்டொலி: மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லையும் துணிபும்

ஆரோவில் ஒரு செம்மண் மேட்டில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து உயரம் சுமார் 50 மீட்டர்தான். கிழக்கே இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் கடல். அதே சாலையில் வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணம் வந்துவிடும்: பாத்தி பாத்தியாக உப்பளம், அருகே கழுவெளி நீர்ப்பரப்பு. இந்த வட்டாரத்தில் ஓடுகிற, பெரும்பாலும் ஓடாமல் ஷெட்டில் நிற்கிற, பழைய பெட்ரோல் கார்களில் இன்ஜின் தட்டினால் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

மாதிரியாக எடுத்துக்கொள்வது அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் இன்ஜின் அது. முதல் அம்பாசடர்களில் இருந்த சைடு வால்வு இன்ஜினை நீக்கி 1959-ல் இதைப் பொருத்தினார்கள். உத்தரபாராவில் 2014-ல் தொழிற்சாலை நிற்கும்வரை அம்பாசடர் என்ற பெயர் ஓடிக்கொண்டிருந்ததால் பழகிய கைகளும் இன்னும் இருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் சாமானும் கிடைக்கும். பிரீமியர் பத்மினியாகப் பெயர் மாறிய 1089 சிசி ஃபியட்டும், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தேவைப்படும் இடத்தில் வரும். டீசல் அம்பாசடரை விட்டுவிடுகிறேன். அது பிறவியிலேயே தட்டும்.

துணிபு இது: இந்தக் கரையில் உப்பு எரிதலைக் கெடுக்கிறது, செம்புழுதி உலோகத்தைத் தேய்க்கிறது. இரண்டும் காதுக்குத் தட்டலாகவே வந்து சேர்கின்றன. ஆனால் உப்பு செய்யும் கேடு பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே, கையெட்டும் இடத்தில் இருக்கிறது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர், பெட்ரோல் டாங்க் மூன்றையும் பார்த்து முடிக்காமல் ஹெட்டில் ஸ்பேனர் வைக்கக்கூடாது. பட்டறைகளில் நடப்பது பல நேரம் இதற்குத் தலைகீழ்.

2. இரு வகைத் தட்டல்

முதல் வகை எரிதல் தட்டல். பிளக்கில் பிறந்த தீ சிலிண்டருக்குள் பரவிச் செல்லும்போது, தீ இன்னும் எட்டாத மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சி அலை சிலிண்டரின் சுவருக்குச் சுவர் மோதுகிறது. 73 மில்லிமீட்டர் போர் உள்ள அம்பாசடர் சிலிண்டரில் அதன் அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ ஏழாயிரம். அதனால்தான் அது கணீரென்று, கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் கேட்கிறது. பாரம் ஏற்றி, டாப் கியரில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வரும். காலை எடுத்தால் போய்விடும்.

இரண்டாம் வகை உலோகத் தட்டல். தேய்ந்த பேரிங், ஆடும் பின், இளகிய நட்டு ஆகியவற்றால் இரும்பு இரும்பில் மோதுவது. அதன் சுருதி தாழ்ந்தது. இன்ஜின் சுற்றோடு கணக்காக ஒத்துப்போகும். வண்டி நின்றிருந்தாலும் கேட்கும்.

எரிதல் தட்டலின் வரலாறு இங்கே சுருக்கமாகவேனும் வேண்டும், ஏனென்றால் குற்றவாளியைத் தவறாகப் பிடிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களுக்கு பேட்டரி இக்னிஷன் கொண்டுவந்தபோது தட்டலுக்கு அவருடைய இக்னிஷன்தான் காரணம் என்று பழி விழுந்தது. அவரும் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் ஆராய்ந்து, கோளாறு எரிபொருளில் என்று காட்டினார்கள். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார். 1921 டிசம்பர் 9 அன்று மிட்ஜ்லி குழு டெட்ராஎதில் ஈயத்தைச் சோதித்தது. தட்டல் அடங்கியது, உலகம் முழுக்கக் காற்றில் ஈயம் கலந்தது. 1926-ல் கிரஹாம் எட்கர் ஆக்டேன் அளவுகோலை முன்வைத்தார். இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை.

3. உப்பு

சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இந்தக் கரையில் இரவில் ஈரப்பதம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். பகலில் காய்ந்து பொடியாக இருந்தது இரவில் மின்பகுநீராக மாறி உலோகத்தின்மேல் படர்கிறது. உப்பளத்தில் சங்கதி இன்னும் மோசம். கச்சா உப்பில் மக்னீசியம் குளோரைடு உண்டு. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். அதாவது உப்பளத் தூசி படிந்த உலோகம் நடுப்பகலிலும் முழுதாக உலர்வதில்லை.

இதில் முதலில் மாட்டுவது டிஸ்ட்ரிபியூட்டர். மூடியைக் கழற்றி, ரோட்டரை எடுத்து, பாயின்ட் தட்டையும் தூக்கினால் அடியில் இரண்டு சிறு எடைக்கட்டிகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடக்கூடக் கட்டிகள் விரிந்து பொறியை முன்னதாக விழச்செய்ய வேண்டும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றைத் திரும்ப இழுக்க வேண்டும். துரு பிடித்த முளையில் கட்டி விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், மெதுவாகப் போகும்போதும் பொறி மிக முன்னதாகவே விழும். தட்டல் உறுதி. ஸ்பிரிங் ஒன்று அரித்து அறுந்தாலும் இதே கதிதான். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரோட்டரை விரலால் அது சுழலும் திசையில் திருகி விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் டக்கென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால், அல்லது திரும்பவே இல்லையென்றால், பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வேக்குவம் அட்வான்ஸின் டயாஃப்ரம் கிழிந்தால் தட்டும் என்பார்கள். அது கிழிந்தால் அட்வான்ஸ் குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவே. கிழிசல் வழியே வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்தால் மட்டும் தட்டலுக்கு அது உடந்தையாகலாம்.

அடுத்தது ரேடியேட்டர். கடலோரக் கிணற்று நீரையும் போர் நீரையும் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்புப் படிவு கட்டியிருக்கும். வெளியே தகட்டுச் சிறகுகள் உப்பில் அரித்து, குழாயோடு ஒட்டு விட்டிருக்கும். பார்த்தால் முழு ரேடியேட்டராகத் தெரியும், சூட்டைக் கடத்துவதில் பாதிதான். வெந்த சிலிண்டரில் கலவை தானாகப் பற்றுவது எளிது. அலுமினிய ஹெட் உள்ள ஃபியட்டில் குளோரைடு நீர் ஹெட்டின் நீர்வழிகளையே தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் ஊற்றுவதைச் சிலர் பணக்காரப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். ஒரு ஹெட் விலைக்கு எத்தனை கேன் வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் தெரியும்.

சூடு கூடுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தமிழ்நாட்டுப் பட்டறைகளின் பழைய வைத்தியம். அடைத்த ரேடியேட்டரை அது திறக்காது. மாறாக, நல்ல ரேடியேட்டர் உள்ள வண்டியில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நெடுநேரமாகும். இதன் விளைவை ஆறாம் பகுதியில் பார்ப்போம்.

கடல்மட்டம் என்பதும் ஒரு காரணி. உதகமண்டலத்தில் வைத்துச் சீர்செய்த வண்டியை இங்கே ஓட்டி வந்தால் தட்டக்கூடும். 2200 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் இங்குள்ளதில் முக்கால் பங்குதான். அங்கே பொறியைக் கொஞ்சம் தாராளமாக முன்தள்ளி வைத்தாலும் தாங்கும், இங்கே தாங்காது. இன்னொன்று, காற்றில் உள்ள நீராவி தட்டலை அடக்கும் இயல்புடையது. மதிய வெயிலில் திண்டிவனம் பக்கமிருந்து வறண்ட காற்றில் வரும்போது தட்டிய வண்டி, கடல்காற்று எழுந்த மாலையில் சாதுவாக ஓடினால் கோளாறு சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது மட்டும் தட்டாத வண்டிகளில் சில இந்த வகை.

4. எரிபொருள்

எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோலைப் பற்றிப் பழங்கார் வைத்திருப்பவர்களிடம் அச்சம் மிகுதி. அச்சத்தில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. தட்டல் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் எத்தனால் நண்பன். இ20-க்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்கும் ஆக்டேன் எண் 95. அம்பாசடரின் எளிய இன்ஜின் அந்த அளவைக் கேட்பதே இல்லை. ஆகவே எண் போதாமல் தட்டுகிறது என்ற வாதம், புதிதாகப் பிடித்த பெட்ரோலைப் பொறுத்தவரை நிற்காது.

ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. இ20-ல் எடைக்கணக்கில் அது ஏறக்குறைய 7 சதவீதம். பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட கார்புரேட்டர் ஜெட் இ20-ஐப் போதுமான அளவு விடாது, கலவை மெலியும். மெலிந்த கலவை மெதுவாக எரிந்து இன்ஜினைச் சூடேற்றும். போதாததற்கு, டாங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் மூக்கு வெளுத்திருக்கும்.

நெடுநாள் நிற்கும் வண்டியில்தான் உண்மையான சிக்கல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஷெட்டில் நின்ற டாங்கில் நீர் ஓரளவு மீறிச் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் கூடிப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான். வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இருமும். அடியைத் திறந்து கொட்டிவிட்டு மேலே மிஞ்சியதில் ஓட்டினால் இப்போது தட்டும். ஆக்டேனைத் தாங்கிய எத்தனால் போய்விட்டது, மிச்சம் தரம் குறைந்த பெட்ரோல். பொங்கலுக்கு வண்டியை வெளியே எடுத்ததும் தட்டுகிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டாங்கில் உள்ளது எப்போது பிடித்தது என்பதே. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடியிலிருந்து பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

ஈயம் போனதால் இன்ஜின் தட்டுகிறது என்பதும் அடிக்கடி கேட்பது. ஈயம் இல்லாததால் பழைய ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வு இருக்கைக்குள் மெல்லப் புதையலாம். அதனால் டேப்பெட் இடைவெளி குறையும். விளைவு, இன்ஜின் முன்னைவிட அமைதியாகும். சத்தம் குறைந்ததென்று மகிழ்பவர் வால்வு கருகும் நாளில்தான் விழிப்பார்.

5. செம்புழுதி

ஆரோவில் தொடங்கிய 1968-ல் அந்த மேடு அரிப்பில் வெறிச்சோடிக் கிடந்த செம்மண். மரம் வளர்த்துக் காடாக்கியது பின்வந்த உழைப்பு. இன்றும் உள்வழிகளில் பல மண்பாதைகளே. கோடையில் ஒரு வண்டி போனால் அடுத்த வண்டிக்காரர் சிவந்துபோவார். அந்தத் தூசியின் நிறம் இரும்பு ஆக்சைடு, அதிலுள்ள குவார்ட்ஸ் மணல் பேரிங் உலோகத்தைவிடப் பன்மடங்கு கடினம். எண்ணெய்த் தொட்டி வகை ஏர் ஃபில்டரில் எண்ணெய் வற்றியிருந்தால் அது நேரே சிலிண்டருக்குள் போய், ரிங் வழியே ஆயிலில் கலந்து, கிராங்கையும் பேரிங்கையும் உரசித் தேய்க்கும். உப்புக் கோளாற்றுக்குத் துரு துடைத்தால் போதும், இதற்கு லேத் வேண்டும்.

6. கண்டறியும் வரிசை

வெளியிலிருந்து தொடங்க வேண்டும். கிராங்க் புல்லி, ஃபேன், இன்ஜின் மவுண்டிங் ரப்பர், தரையில் முட்டும் சைலன்சர் குழாய் ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பார்க்காமல் மேற்கொண்டு போவதில் பொருளில்லை. எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் விட்டிருந்தால் டேப்பெட் போலவே டிக்டிக் என்று கேட்கும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, எரிதலா உலோகமா என்று பிரிப்பது. அம்பாசடரின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் கையால் திருகும் சிறு நட்டு உண்டு. அதை இரண்டு மூன்று டிகிரி அளவுக்குப் பின்தள்ளி, அதே ஏற்றத்தில் அதே கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆரோவில் மேட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்கித் திரும்ப ஏறும் சரிவு இதற்குப் போதும். சத்தம் மறைந்தால் எரிதல் தட்டல். மூன்றாம், நான்காம் பகுதிகளில் சொன்னவற்றைத் தேட வேண்டும். பின்தள்ளிய நிலையிலேயே விட்டுவிடுவது மருந்தல்ல, எக்சாஸ்ட் வால்வுக்குச் சூடு ஏறும். சாவியை அணைத்த பின்னும் இன்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறதென்றால் உள்ளே கரி கட்டியிருக்கிறது, அல்லது பிளக் தவறான வெப்ப வகை. அப்போது ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது நியாயமே.

பின்தள்ளியும் மாறவில்லை என்றால் உலோகம். இப்போது எண்ணத் தொடங்க வேண்டும். 800 சுற்றில் ஓடும் இன்ஜினில் கிராங்கோடு சேர்ந்த ஒலி விநாடிக்குப் பதின்மூன்று முறை வரும்; கேம்ஷாஃப்ட்டோடு சேர்ந்தது அதில் பாதி. காது பழகினால் எண்ண வேண்டியதில்லை, தாளம் சொல்லும். பாதி வேகத்தில் கேட்பது டேப்பெட், ராக்கர், அல்லது மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் நெம்புகோல். ராக்கர் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் நுழைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சில்லறைச் சத்தத்துக்காக இன்ஜினை இறக்கியவர்களும் உண்டு.

முழு வேகத் தாளமென்றால் பிளக்கை அடக்கும் சோதனை. பிடி முழுவதும் இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். இன்ஜினைச் சூடேற்றி, ஒலி தெளிவாகக் கேட்கும் வேகத்தில் நிறுத்தி, அதன் தண்டை முதலில் ஹெட்டில் அழுத்தி, பிறகு முனையை முதல் பிளக்கின் தலையில் சாய்க்க வேண்டும். பொறி சட்டத்துக்கு இறங்கிவிடும், அந்தச் சிலிண்டர் எரியாது. வயரைப் பிடுங்கித் தொங்கவிடக்கூடாது. காயிலின் இன்சுலேஷன் அடிபடும். அருகே பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே கூடாது. இப்படி நான்கையும் ஒவ்வொன்றாக அடக்கிப் பார்க்கையில்:

எந்தச் சிலிண்டரை அடக்கும்போது தட்டல் சட்டென்று மெலிகிறதோ அதன் பிக் எண்ட் பேரிங் போயிருக்கிறது. இது லேசான ஆக்சிலரேட்டரில், குறிப்பாகக் காலை எடுக்கும் கணத்தில், நன்றாகக் கேட்கும். அடக்கியபோது மெலியாமல் இரட்டித்து டக்டக் என்று வந்தால் பிஸ்டன் பின்மேல் சந்தேகம். ஒன்றை அடக்கினால் மாறாமல், பக்கத்துப் பக்கத்து இரண்டையும் சேர்த்து அடக்கினால் குறைகிற ஆழ்ந்த தொம்மென்ற ஒலி மெயின் பேரிங். ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது அது பலக்கும். இந்த 1489 இன்ஜினுக்கு மெயின் பேரிங் மூன்றே. கிளச்சை மிதித்தால் ஒலி மாறுகிறது என்றால் கிராங்க் முன்பின் ஆடுகிறது, த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் அந்த வாஷர் தேய்ந்து கழன்று சம்ப்பிலேயே விழும். அந்த வண்டியில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பிஸ்டன் ஆட்டத்தின் அடையாளம், குளிர்ந்த இன்ஜினில் கேட்டுச் சூடானதும் மறைவது. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் அது மறைய அரைமணி ஆகலாம், மறையாமலும் போகலாம். அதைக் கேட்டு பிக் எண்ட் என்று முடிவுகட்டி சம்ப்பை இறக்குகிறார்கள். ஆகவே உலோகச் சோதனைக்கு முன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்பது கட்டாயம். இல்லையென்றால் முதலில் போட வேண்டும்.

காதின் தீர்ப்பை ஆயில் பிரஷர் கேஜ் உறுதிசெய்யும். டாஷ்போர்டு விளக்கை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பார்ப்பதே சரி. சூடான இன்ஜினில் ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பழைய கைக்கணக்கு. அதைவிட நன்றாகக் குறைந்து, தட்டலும் இருந்தால், சம்ப்பை இறக்கலாம். பேரிங் மூடியைக் கழற்றி உள்ளே பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து இறுக்கி, திரும்பக் கழற்றி நசுங்கிய அகலத்தை அளக்க வேண்டும். கிராங்க் முளையின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பொதுவான இடைவெளி. 1489 இன்ஜினின் பிக் எண்ட் முளை ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், எனவே இரண்டு தௌவை ஒட்டி இருக்கலாம். நான்கைந்து காட்டினால் கிராங்கை அடுத்த சைஸுக்கு அரைக்க வேண்டும். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பது வரிசை. முந்தைய கைகள் நாற்பதை எட்டிவிட்ட கிராங்க் என்றால் வேறு கிராங்க் தேட வேண்டியதுதான்.

7. போருக்கு முந்தைய வண்டிகள்

ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ போன்றவற்றுக்கு மேற்சொன்ன வரிசை பொருந்தும், இரண்டு வேறுபாடுகளோடு. ஒன்று, பொறியை முன்பின் தள்ளுவது ஓட்டுநரின் கையில், ஸ்டியரிங் கீழே உள்ள நெம்புகோலில். அதை மேட்டில் பின்தள்ள மறந்தால் தட்டும். அது கோளாறல்ல, ஓட்டத் தெரியாமை. இரண்டு, மாற்றிப் போடும் ஷெல் பேரிங் இல்லை, உருக்கி ஊற்றிய வெள்ளீய உலோகம். அதை ஊற்றிச் சுரண்டிப் பொருத்தத் தெரிந்தவர் குறைந்துவிட்டார்கள். ஆகவே இவற்றில் பிக் எண்ட் ஒலி லேசாகக் கேட்டாலும் அன்றே நிறுத்திவிட வேண்டும். கோயம்புத்தூர் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய வண்டிகளைப் பார்ப்பவர்கள் ஹூட்டைவிட ஸ்டியரிங்கின் அடியைக் கவனித்தால் அந்த நெம்புகோல்கள் தெரியும்.

8. திறப்பதற்கு முன் ஒரு சட்டச் செய்தி

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; மறுபதிவுக்கு 5,000. எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து ‘விஏ’ என்று வரும். வணிகத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ அந்தப் பதிவு உதவாது. நம் பொருளுக்கு முக்கியமான நிபந்தனை இன்னொன்று: சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக்கூடாது. தட்டல் தீரவில்லை என்று 1489-ஐ இறக்கிவிட்டுப் பிற்கால அம்பாசடரின் 1800 சிசி இசுசு இன்ஜினை ஏற்றுவது கடலூர், விழுப்புரம் பக்கப் பட்டறைகளுக்குக் கடினமான வேலையல்ல. ஆனால் 1970-ஆம் ஆண்டு வண்டிக்கு அப்படிச் செய்தால் விண்டேஜ் தகுதி கேள்விக்குள்ளாகும். அதே இன்ஜினை ரீபோர் செய்து பேரிங் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கான லேத் ரசீதையும், பழைய பேரிங்கின் பின்பக்கத்தில் பொறித்த சைஸ் எண்ணின் படத்தையும் வண்டிக் காகிதங்களோடு வைத்திருந்தால் அடுத்து அந்தச் சம்ப்பை இறக்குபவர் எந்த சைஸ் வாங்குவது என்று திணற மாட்டார்.